கமான் பட்டை

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பென்ஷன்காரனுக்கு அது பேப்பரை இரண்டாம் முறை படிக்கிற நேரம். வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த ஆசாரியாரின் பேரன், கையில் ஒரு தாளோடு நின்றான்.

"தாத்தா, பட்டை வாங்கியிருக்கேன். மெட்ராஸ்ல இருந்து வந்துடுச்சி. பாட்டி இந்த பேப்பரை உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொல்லிச்சு."

பையன் டிப்ளமா படித்தவன். அந்தத் தாளில் இருக்கிற இங்கிலீஷ் என்னைவிட அவனுக்கே நன்றாகப் புரியும். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தக் காகிதம் வந்தாலும் 'சார்' கண்ணில் ஒரு தரம் காட்டிவிட வேண்டும். ஐம்பது வருஷத்துப் பழக்கம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை, ஈ.என். 45 ரகம். கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சிலிக்கான் ஒன்றரைக்கு மேல், மாங்கனீஸ் ஒன்றுக்குச் சற்றுக் கீழ். கீழே ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து.

"பேப்பர் சரியாத்தான் இருக்குப்பா" என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு எனக்குப் பேப்பர் ஓடவில்லை. ஏறக்குறைய இதே மாதிரி ஒரு வார்த்தையை அவன் தாத்தாவிடம் நாற்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

என்னைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக இரண்டு வரி. பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில், பிரெவே வரைக்கும். அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து ஆபீசில் எழுத்தர். அவர் தவறிய பிறகு மாமா ஆற்காட்டுக்கு அழைத்து வந்தார். தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, வருவாய்த்துறையில் குமாஸ்தா ஆனேன். பள்ளிக்கூடத்தில் டூப்ளேதான் எங்களுக்கு வீரன். இங்கே வந்தால் 1751-ல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய ஊர் இது, அதோ டெல்லி கேட் என்று காட்டுகிறார்கள். தோற்ற கட்சிப் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு ஜெயித்த கட்சி ஊரில் குடியேறியவன் நான். அது இருக்கட்டும்.

ஆற்காட்டில் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு நாலாவது கட்டிடம் ஆசாரியாரின் கொல்லுப்பட்டறை. பெயர் எழுத வேண்டாம் என்று அந்த வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ஆசாரி'. நான் 'ஆசாரியாரே' என்பேன். வயதில் என்னைவிடப் பதினெட்டு வருஷம் பெரியவர். எனக்கு அவர் பட்டறைக்குப் போகப் பிடிக்கும், அவருக்கு என் கையெழுத்து பிடிக்கும். பில் எழுத, பேங்க் பாரம் நிரப்ப, மகன் வேலைக்கு மனுப்போட எல்லாவற்றுக்கும் நான்தான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் டீயோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவருடைய முக்கியமான வேலை தோல் ஷாப்புகளுக்குக் கத்தி. மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கத்தி தெரியாது. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்வாக நிறுத்திய மரத்திண்டின் மேல் போட்டு, உட்பக்கம் ஒட்டியிருக்கிற சதையைச் சீவி எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் மரப்பிடி வைத்த, கொஞ்சம் வளைந்த நீளக் கத்தி. வேலைக்காரர் வயிற்றைத் திண்டில் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளுவார். முனை மழுங்கினால் தோல் கிழியும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் முனை பொரியும். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, பெரிய ஷாப்புகள் மெஷினுக்கு மாறின. ஆனால் சின்ன ஷாப்புகளில் ரொம்ப நாள் வரைக்கும் கைவேலைதான்.

அந்தக் கத்திக்கு இரும்பு எங்கிருந்து வரும் என்று நான் முதலில் கேட்டபோது ஆசாரியார் சிரித்தார். "லாரிக்கு அடியில இருந்து சார்!"

லாரியின் கமான் பட்டை. கமான் என்றால் உருதுவில் வில். நவாப் ஊரில் அந்த வார்த்தை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சக்கரத்துக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் போல்ட்டு போட்டிருக்குமே, அதுதான். தென்மாவட்டத்தில் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் இதே பட்டைதான். ஒரு பட்டை உடைந்தால் லாரிக்காரன் கழற்றிப் போட்டுவிடுவான், காயலான் கடைக்கு வரும். கொல்லருக்கு அது தங்கம். சாதாரணக் கம்பி இரும்பை எத்தனை தரம் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் அது பிடிவாதமாக மெத்தென்றே இருக்கும். கமான் பட்டையில் கார்பன் இருப்பதால் அது தோய்ச்சல் பிடிக்கும். எது எது என்று தெரிய ஆசாரியார் சாணைக்கல்லில் ஒரு முனையைக் காட்டுவார். சாதா இரும்பில் பொறி நீளமாக, கோடு கோடாகப் போகும். நல்ல இரும்பில் பொறி நுனியில் பூவாக வெடிக்கும், கம்பி மத்தாப்பு மாதிரி. இருட்டில் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் நல்ல இரும்பு என்பது பாதி சங்கதிதான். மீதிப் பாதியை அவர் இப்படிச் சொன்னார்: "சார், இது உழைச்ச இரும்பு. எங்கியாவது அடிபட்டிருக்கும். மனுஷன் மாதிரி மேலுக்குத் தெரியாது."

லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது பட்டை விரியும், சுருங்கும். லட்சக்கணக்கான தடவை. அதில் எங்காவது தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் விழுந்திருக்கும். துருவுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. எங்கே தேட வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. பாரம் ஏறும்போது வளைவு நிமிருமல்லவா, அப்போது இழுபடுவது குழிந்த பக்கம். ஆகவே விரிசல் அந்தப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். நடுப் போல்ட்டு ஓட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் நாலு விரற்கடை வெட்டி எறிந்துவிட வேண்டும். ஒரு பட்டையின் நுனி அடுத்த பட்டையில் உராய்ந்து தேய்ந்த இடமும் ஆகாது.

கடைசிப் பரீட்சை கிருஷ்ணாயிலும் சாக்பீசும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பட்டை முழுக்கக் கிருஷ்ணாயில் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவார். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்து, உலரவிட்டு, மேலே சாக்பீசை அழுத்தித் தேய்ப்பார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கின எண்ணெய் மெல்ல மெல்ல மேலே கசியும். வெள்ளையில் ஈரமாக ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் அந்தப் பட்டை வேண்டாம். அவ்வளவுதான். பத்து பைசா செலவில்லை, பட்டைக்குப் பத்து நிமிஷம் பொறுமை வேண்டும்.

வெட்டுவதிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கமான் பட்டை ஏற்கெனவே தோய்ச்சல் போட்ட இரும்பு. அப்படியே ஹேக்சா வைத்தால் பிளேடு பல்தான் போகும். அதனால் உலையில் செவசெவ என்று காய்ச்சி, பழைய எண்ணெய் டின்னில் இருக்கிற சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுவார். காலையில் எடுத்தால் இன்னமும் கை பொறுக்காத சூடு இருக்கும். அதன் பிறகு அது ஹேக்சாவுக்கும் அரத்துக்கும் பணியும். அவசரக்காரர்கள் காஸ் வைத்து வெட்டுவார்கள். வெட்டிய ஓரம் கண்ணாடியாகிப் பிறகு அங்கிருந்தே வெடிக்கும் என்று அவர் ஒத்துக்கொள்வதில்லை.

தோய்ச்சல் போடுவது விடியலுக்கு முன்னால், இல்லாவிட்டால் விளக்கு வைத்த பிறகு. வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பொய் சொல்லும். அடித்து வடிவம் கொண்டுவந்த கத்தியை உலையில் மெதுவாகக் காய்ச்சி, கட்டி வைத்திருந்த ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நடுநடுவே காட்டிப் பார்ப்பார். காந்தம் ஒட்டாமல் விலகிய பிறகு இன்னும் கொஞ்சம் காற்று. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும் என்பதும், இந்த ரக இரும்புக்கு 850 சுமார் வேண்டும் என்பதும் நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தது. பிறகு ஒரே முக்கு. தண்ணீரில் அல்ல, எண்ணெயில். இந்த இரும்பைத் தண்ணீரில் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்டால் உழைப்பெல்லாம் போச்சு. அவர் வைத்திருந்தது தோல் ஷாப்பில் தோலுக்குத் தடவ வாங்குகிற புங்கெண்ணெய். அந்தப் புகை நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

முக்கி எடுத்த கத்தி அரத்துக்கு அசையாது, வழுக்கும். ஆனால் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் அதன் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெல்லிய சூட்டில் காட்டுவார். இரும்பின் மேல் நிறம் ஓடும். முதலில் சந்தனம், பிறகு காய்ந்த வைக்கோல், பிறகு நாவல்பழம், கடைசியில் மயில்கழுத்து. தோல் கத்தியின் முனைக்கு வைக்கோல், முதுகுக்கு மயில்கழுத்து. லாரியில் ஸ்பிரிங்காக இருக்கும்போது அதே பட்டை இந்த நிறங்களையெல்லாம் தாண்டின சூட்டுக்குப் போய் வந்ததாம். அதனால்தான் வளைந்து நிமிர்கிறது.

இந்த இரண்டு வேலைக்கும் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை. முதலாவது 'த்ராம்ப்'. காலையில் ரொட்டியைக் காபியில் முக்கித் தின்பதற்கும் புதுச்சேரியில் அதே வினைச்சொல்தான். நாம் தோய்த்தல் என்கிறோம், தோய்ச்சல் என்கிறோம். இரண்டு பாஷையிலும் கொல்லனும் காபிக்காரனும் ஒரே சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டாவது வார்த்தை 'ரெவெனு'. திரும்பி வந்தது என்று பொருள். வருமானம் என்றும் பொருள். "ஆசாரியாரே, நீங்க செய்யறதுக்கு பிரெஞ்சுல வருவாய்னு பேரு. நீங்களும் எங்க டிபார்ட்மெண்டுதான்" என்று நான் சொன்னபோது, "அப்ப எனக்கும் பென்ஷன் உண்டா சார்?" என்று கேட்டார்.

1983-ல் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. நாற்பது வருஷம் உலையைப் பார்த்த கண். பூ விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள், தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். நிறம் தெரிந்தது. நெருப்பு தெரியாதா என்ன? ஆனால் தலைமுடி கோடு தெரியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு தோல் ஷாப்பிலிருந்து இருபது கத்திக்கு ஆர்டர் வந்தது. அவருக்கு அது பெரிய ஆர்டர். இங்கே காயலான் கடைகளில் அவ்வளவு பட்டை சேரவில்லை.

எனக்கு அந்த வாரம் தேனாம்பேட்டை கணக்காயர் அலுவலகத்தில் ஆடிட் பதில் கொடுக்கிற வேலை இருந்தது. மெட்ராஸ் போகிறேன் என்றதும், "அப்படியே புதுப்பேட்டையில பத்துப் பட்டை பாத்து லாரி புக்கிங்ல போட்டுடுங்க சார். எழும்பூர்ல இருந்து நடக்கிற தூரம்தான்" என்றார். கையில் ஒரு பழைய டானிக் பாட்டிலில் கிருஷ்ணாயில், இரண்டு துண்டு சாக்பீஸ், ஒரு கம்பி பிரஷ், பழைய வேட்டித் துணி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். "குழிஞ்ச பக்கம் சார், மறந்துடாதீங்க. இந்தத் தடவை உங்க கண்ணுதான் எனக்கு."

புதுப்பேட்டை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய வண்டி எதைக் கொண்டுபோனாலும் சாயங்காலத்துக்குள் போல்ட்டு போல்ட்டாகப் பிரித்துவிடுகிற இடம். நான் போனது மூன்று மணி வெயிலில். வெள்ளைச் சட்டை. ஆடிட் ஆபீசில் காலையிலிருந்து நின்ற கால். கடைக்காரப் பையன் கமான் பட்டைக் குவியலைக் காட்டினான். நான் குனிந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். நாலு கிலோவுக்கு மேல் இருக்கும், கை முழுக்கத் துரு. பத்துப் பட்டைக்குத் துரு தேய்த்து, எண்ணெய் தடவி, காத்திருந்து, துடைத்து... ஒன்றரை மணி நேரம் ஆகும். பாரிமுனையில் ஐந்து மணி ஆற்காட்டு பஸ்ஸை விட்டால் ராத்திரி ஆகிவிடும். கண்ணுக்கு நேராக இருந்த பத்துப் பட்டையை எடுத்து வைக்கச் சொன்னேன். குழிந்த பக்கத்தைக் கையால் தடவினேன். அவ்வளவுதான். கடைக்காரர் "லேலண்டு பட்டை சார், அடி படாதது" என்று சொல்லிப் பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். பில்லைக் கண்டதும் எனக்கு ஒரு திருப்தி. காகிதம் இருக்கிறது.

ஆற்காட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் மஞ்சள் பை கனத்தது. கிருஷ்ணாயில் பாட்டில் நிறைந்தபடியே இருக்கிறது. ஆசாரியார் பார்த்தால் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பின்னால் சாக்கடை ஓரம் நின்று மூடியைத் திறந்து முக்கால் பாட்டிலைக் கொட்டினேன். சாக்பீசைச் சுவரில் தேய்த்துப் பாதியாக்கினேன். இதைச் செய்தது நான்தான். சின்னப் பையன் இல்லை, முப்பது வயது தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற அரசாங்க ஊழியன்.

பட்டறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு ஆசாரியாரே."

என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பிரெஞ்சு ஆபீசில் ஒவ்வொரு பதிவேட்டின் ஓரத்திலும் மேலதிகாரி 'வூ' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். 'பார்க்கப்பட்டது' என்று பொருள். அப்பா வீட்டில் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அதே மாதிரி 'வூ' போடுவார், ஒரு வரி விடாமல் படித்த பிறகு. எங்கள் ஆபீசில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்பு. கூட்டல் போட்டுப் பார்க்காமலே அதன் கீழ் எத்தனை இனிஷியல் போட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். தொண்ணூற்றொன்பது தடவை கணக்கு சரியாகவே இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கம்தான் புதுப்பேட்டையிலும் என்னோடு வந்தது.

கத்தி இருபதும் போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம் ஒரு கத்தி உடைந்தது. வேலைக்காரர் உடம்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது நடுவில் இரண்டாக முறிந்து, வலது கைப் பாதி வழுக்கி இடது உள்ளங்கையில் ஏறிவிட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கட்டைவிரல் நரம்பு அறுந்துபோயிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த விரல் அதன் பிறகு மடங்கவில்லை. கத்தி பிடிக்கிற கை, கத்தி பிடிக்க முடியாமல் போயிற்று. ஷாப்பில் அவரை வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்கள், குறைந்த சம்பளத்தில்.

ஷாப்புக்காரர் உடைந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அப்போது நான் அங்கே இருந்தேன். ஆசாரியார் ஒன்றும் பேசவில்லை. துண்டை வாங்கிக்கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் உடைந்த முகத்தைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். முகம் முழுவதும் சர்க்கரை மாதிரி சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. புதிதாக உடைந்த இரும்பு அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு, பிறை வடிவத்தில், கறுப்பு. உலைக்குப் போவதற்கு முன்பே அங்கே வாய் திறந்திருந்தால்தான் உள்ளே கறுப்பு ஏறும். அடிக்கிற அடியில் அது மூடிக்கொண்ட மாதிரி தெரியும், ஒட்டாது. தோய்ச்சலில் இன்னும் கொஞ்சம் திறக்கும். பிறகு ஒரு நாள் போய்விடும்.

"இது பழைய காயம் சார்" என்றார் ஆசாரியார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பார்த்தாரா என்றால், பார்த்தார். மங்கிய கண், அதில் எவ்வளவு தெரிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஷாப்புக்காரர் பக்கம் திரும்பி, "என் தப்புதாங்க. பட்டையைச் சரியா பாக்கல" என்றார்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு, ஓய்வு நிறைய இருந்ததால், இரும்பைப் பற்றி நிறையப் படித்தேன். எங்கள் பள்ளியில் ரெயோமூர் என்றால் தெர்மாமீட்டர்க்காரர். அவரே 1722-ல் தேனிரும்பை எஃகாக்குவது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. உடைந்த இரும்பின் முகத்தில் தெரிகிற மணியைப் பார்த்தே ரகம் பிரிக்கலாம் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். எஃகுக்கு எஃகுத்தன்மை தருவது கார்பன் என்று அவருக்கே தெரியாது. 1786-ல்தான் மோன்ழ், பெர்த்தொலே, வாந்தெர்மோந்து என்ற மூன்று பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தெளிவாகச் சொன்னார்கள். இதெல்லாம் இல்லாமலே நம் ஊரில் களிமண் குகையில் இரும்பையும் கரியையும் போட்டு மூடி உருக்கி எஃகு எடுத்திருக்கிறார்கள். கொடுமணலில் அதற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது. 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன அந்த எஃகில் ஒரு துண்டு லண்டனில் மைக்கேல் ஃபாரடே கையில் போய்ச் சேர்ந்தது. 1819-ல் அதை ஆராய்ந்து எழுதினார். மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்னால். ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆசாரியாரிடம் சொல்லியிருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார். அவர் 2001-லேயே போய்விட்டார்.

அந்தக் கத்திக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசாரியார் மறுநாளே போய் மீதிப் பத்தொன்பது கத்தியையும் திரும்ப வாங்கி வந்தார். மகனை உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் கிருஷ்ணாயில், சாக்பீஸ். இன்னும் இரண்டு கத்தியில் கோடு விழுந்தது. அந்த இரண்டையும் பட்டறைக் கல்லில் வைத்து அவரே சம்மட்டியால் உடைத்தார். கொடுத்த காசில் மூன்று கத்திக்கானதைத் திருப்பிக் கொடுத்தார். அடிபட்டவர் வீட்டுக்கு மனைவியின் கம்மலை அடகு வைத்து நானூறு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த ஷாப் ஒரு வருஷத்துக்கு மேல் அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

கம்மல் விஷயம் தெரிந்ததும் நான் இருநூறு ரூபாய் கொண்டுபோனேன். "கைமாத்தா வச்சுக்குங்க" என்றேன். சும்மா கொடுத்தால் ஏன் என்று கேட்பார் என்று பயம். அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் பத்து ரூபாயாக, இருபது மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். இருபது தடவையும் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

கண் ஆபரேஷன் செய்துகொண்டு பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். பில் எழுத என்னிடம்தான் வருவார். ஆனால் பட்டை பார்த்துவரச் சொல்லி என்னை அதற்குப் பிறகு அனுப்பியதில்லை. மகன் ராணிப்பேட்டை பெல் கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்து, பட்டறை ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. இப்போது பேரன் திறந்திருக்கிறான். கரி உலை இல்லை, கரண்டு உலை. சூட்டை நம்பர் காட்டுகிறது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் மாதிரி ஜோடிக்குத் தோலைக் கையால் வெட்டுகிறவர்களுக்கும், கைவேலையாகத் தோல் பை செய்கிறவர்களுக்கும் சின்னக் கத்திகள் செய்கிறான். பழைய கமான் பட்டை கிடையாது, புதுப் பட்டைதான். அதற்குத்தான் அந்தப் பேப்பர்.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டு பட்டை சுவரில் சாய்த்து வைத்திருந்தான்.

"புதுசுலயும் விரிசல் இருக்குமாப்பா?" என்று கேட்டேன்.

"உழைச்ச விரிசல் இருக்காது தாத்தா. ஆனா ரோலிங்ல மடிப்பு விழுந்து நீளமா கோடு இருக்கலாம். எப்பவாவது."

"பார்த்தியா?"

"இனிமேதான். ஸ்பிரே வச்சிருக்கேன்."

அதற்குள் நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முழுக் கதையையும் சொன்னேன், சாக்கடை ஓரம் உட்பட. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சொல்லி முடித்ததும் எழுந்துபோய், உத்தரத்தில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த இரும்புத் துண்டை எடுத்து வந்தான். ஒரு பக்கம் மரப்பிடி, அது உளுத்துப்போயிருந்தது. மறுபக்கம் முறிந்த கத்தி.

"இதுவா? சின்ன வயசுல இருந்து பாக்கறேன். திருஷ்டிக்குத் தாத்தா கட்டி வச்சிருக்காருன்னு நெனச்சேன்."

வாங்கி உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிறையும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை. எல்லாம் ஒரே துரு.

"பாட்டிக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. தாத்தா எதுவும் வீட்ல சொல்ல மாட்டாராம்." கொஞ்ச நேரம் கழித்து, "அடிபட்டவர் வீடு எங்க?" என்று கேட்டான். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது, பிள்ளைகள் பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினான்.

பிறகு முதல் பட்டையை எடுத்து மேஜையில் வைத்து, துடைத்து, சிவப்பாக ஒரு ஸ்பிரேயை நீளத்துக்கும் அடித்தான். கிருஷ்ணாயிலுக்குப் பதிலாக இப்போது இது. பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துவிட்டு வெள்ளை ஸ்பிரே அடிக்க வேண்டுமாம். அதுதான் சாக்பீஸ்.

"டைம் பாத்துக்கறீங்களா தாத்தா? எனக்கு கையெல்லாம் சாயம்."

வாட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மணி மூன்று பத்து. பன்னிரண்டு பட்டைக்கும் ஆறு மணி வரை ஆயிற்று.